20 கிலோ குலையைத் தூக்கினால் எத்தனை ஜூல்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊருக்கு வெளியே உள்ள செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் 19 ஆண்டுகளாக எடைமேடையில் இருக்கிறேன். ஆலையில் அதைத் தீம்பாங் என்போம். லாரி பழத்தோடு மேடையில் ஏறும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்போது ஒரு எடை. இரண்டையும் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறார். மூத்த மகள் நான்காம் படிவத்தில் ஃபிசிக்ஸ் எடுத்திருக்கிறாள். இந்தக் கடிதம் அந்தப் பாடத்தைப் பற்றியது.

அரையாண்டுத் தேர்வில் அவளுக்கு 31 மதிப்பெண். பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் கொஞ்சம் கஷ்டம்தான், இப்போதே வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டால் எஸ்பிஎம் அரசுத் தேர்வு முடிவு கெடாது" என்றார்கள். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருடைய பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு" என்ற அந்த வார்த்தையை வீடு வந்து சேரும்வரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. ஆண்டு இறுதித் தேர்வு வரைக்கும் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நான் படித்தது கலைப் பிரிவு. ஃபிசிக்ஸ் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. சரி, முதலில் இருந்தே வருவோம் என்று அவளுடைய மூன்றாம் படிவ அறிவியல் புத்தகத்தையும் சேர்த்து எடுத்துவைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வேலை, ஆற்றல், திறன் எல்லாம் அதில்தான் வருகின்றன. உந்தம் நான்காம் படிவத்தில். புத்தகத்தில் அவை மலாயில் கெர்ஜா, தெனாகா, குவாசா என்று இருக்கும். ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தானே, நான் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

முதல் நாளே இடித்தது. ஒரு பொருளின் மேல் விசை கொடுத்து, அந்த விசையின் திசையில் அது நகர்ந்தால்தான் வேலை. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலையின் அளவு. பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் சமதரையில் நடந்துபோனால் அந்தப் பெட்டியின் மேல் அவன் செய்த வேலை பூஜ்யம், ஏனென்றால் அவன் தாங்கிப் பிடிப்பது மேல்நோக்கி, நகர்வது பக்கவாட்டில். மகள் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய அப்பா கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்ன பாப்பா, தூக்கிக்கிட்டு நடந்தா அது வேலை இல்லையா?"

அப்புறம் அவரே, தான் செய்வதைக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டோம். சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. கணக்கு சுலபமாக இருக்கப் புவியீர்ப்பை 10 என்று எடுத்தால் அதன் எடை 200 நியூட்டன். டிரெய்லரின் விளிம்பு தரையில் இருந்து 1.2 மீட்டர். பெருக்கினால் 240 ஜூல். ஒரு நாளில் 100 குலை ஏற்றுவதாக வைத்தால் 24,000 ஜூல். "நிறைய இருக்கே" என்று அவருக்குச் சந்தோஷம்.

மகளுக்கு அன்றைக்குத்தான் படித்தது ஞாபகம் வந்தது. குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பழைய மின்சார பில்லை எடுத்துவந்தாள். பில்லில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி நேரம், அதாவது 36 லட்சம் ஜூல். 36 லட்சத்தை 24,000-ஆல் வகுத்தால் 150. அவளுடைய அப்பா 150 நாள் குலை தூக்கினால் ஒரு யூனிட். அந்த பில்லில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு யூனிட்டின் விலை 21.8 சென்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். மகள் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "அப்பா, நான் அப்படிச் சொல்லலைப்பா" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவளுக்குப் பாடம் ஏறாததற்குக் கணிதம் காரணம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவள் பிறந்தது முதல் பார்த்துவந்த வேலை ஒன்று, புத்தகத்தில் உள்ள வேலை இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். எது எங்கே வேறுபடுகிறது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால், தன் அப்பாவின் உழைப்பைப் பூஜ்யம் என்கிற பாடத்தை எந்தப் பிள்ளை மனதார ஏற்றுக்கொள்ளும்?

ரவாங்கில் இருக்கும் என் தம்பி இயந்திரப் பொறியியல் படித்தவன். மறுநாள் அவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தவங்க மனுஷனோட பாட்டை அளக்க உட்காரலை. நீர்ச்சக்கரம், நீராவி இயந்திரம், சுரங்கத்துத் தண்ணியை மேலே ஏத்துற பம்பு, இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட ஒரு அளவு வேணும்னு தேடினாங்க. எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் ஏத்துச்சு, அதுதான் கேள்வி." 1829-ல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர்தான் விசை பெருக்கல் தூரம் என்பதற்கு வேலை என்ற பெயரைத் திட்டமாகக் கொடுத்தாராம். இயந்திரம் களைக்காது, அதற்கு அந்த அளவு போதும். மனித உடம்புக்கு அதை அப்படியே போட்டால் பெரும்பகுதி கணக்கில் வராமல் போய்விடும்.

எது கணக்கில் வராது என்பதையும் அவன்தான் விளக்கினான். அரிவாள் கட்டிய நீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எந்த மட்டையை முதலில் இறக்கலாம் என்று அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்போது கம்பு நகர்வதில்லை, வேலை பூஜ்யம். ஆனால் தோள் தசைக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் மாறி மாறி இழுத்து விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதற்கெல்லாம் ஆற்றல் செலவாகிறது, அது முழுவதும் வெப்பமாகத்தான் போகிறது. சட்டை நனைவது அதனால்தான். பொருளைத் தூக்கும்போதுகூட உடம்பு செலவு செய்யும் ஆற்றலில் நல்ல நிலையில் கால் பங்குதான் வெளியே வேலையாக வரும். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி என்கிறார்கள். அது 12 லட்சம் ஜூலுக்கு மேல். தூக்கிய கணக்கு மட்டும்தான் கணக்கு என்றால், ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டு 50 நாள் குலை ஏற்றலாம் என்று ஆகிவிடும். ஏற்ற முடியாது என்று எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நடை, பிடி, இழுப்பு, குனிவு, நிமிர்வு, வெயில் எல்லாவற்றுக்கும் ஆற்றல் போகிறது.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொல்லையில் இருந்த கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. "இப்ப வேலை பூஜ்யம், ஆனா ஆற்றல் செலவு. சரிதானே பாப்பா?" என்றார். சரிதான். அன்றைக்கு முதல் அவரும் எங்களோடு உட்கார ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பாடத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. கைவண்டியை டிரெய்லர்மேல் ஏற்றச் சாய்வாகப் பலகை போடுவார்கள். நீளமான பலகையைத்தான் தேடுவார்கள். ஏன் என்று மகள் கணக்குப் போட்டாள். 1.2 மீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர் பலகை போட்டால், உராய்வை விட்டுவிட்டால், தள்ள வேண்டிய விசை மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் தள்ள வேண்டிய தூரம் மூன்று மடங்கு. ஒரு குலைக்கு வேலை அதே 240 ஜூல்தான். பலகை வேலையைக் குறைக்கவில்லை, முதுகுக்குத் தாங்கும் அளவாக அதை நீட்டிக் கொடுக்கிறது. அரிவாளை அடிக்கடி தீட்டுவதும் அப்படித்தான் என்று அவள் சொல்ல, அவர் மறுத்தார். "இல்ல, அது உண்மையாவே குறையுது. கூரா இருந்தா அதே காம்பு குறைஞ்ச இழுப்புல அறுந்துடும்." அவர் சொன்னதுதான் சரி. விசை குறைந்து தூரம் அப்படியே இருந்தால் வேலையும் குறையத்தானே வேண்டும். தன் அப்பா ஃபிசிக்ஸில் தன்னைத் திருத்தியதை அவள் தோழிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

விழும் குலையைப் பற்றியும் எழுத வேண்டும். இளம் மரத்தில் 2 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் 20 கிலோ குலைக்கு 400 ஜூல் நிலை ஆற்றல். வளர்ந்த மரத்தில் 8 மீட்டரில் இருந்து விழுந்தால் 1,600 ஜூல். அது முழுவதும் விழும் வழியில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. தரைக்கு வரும்போது முதல் குலையின் வேகம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர், இரண்டாவதற்குச் சுமார் 45. உயரம் நான்கு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு, வேகம் மட்டும் இரண்டு மடங்கு. மகள் இங்கேதான் தேர்வில் தவறு செய்திருந்தாள். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தாள்.

இதே தவறு பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது என்று தம்பி சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஓடும் பொருளின் பலத்தை எப்படி அளப்பது, நிறையை வேகத்தால் பெருக்கியா, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியா என்று ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஹாலந்தில் ஸ்க்ராவசாண்டே என்ற பேராசிரியர் 1722-ல் பித்தளைக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தோடு விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் இறங்கியது. அந்தச் சோதனையைக் கையில் எடுத்து வாதாடியவர்களில் எமிலி டு ஷாத்லே என்ற பெண்மணியும் ஒருவர். நியூட்டனின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். ஒரு பெண்ணின் பெயர் வந்ததும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்தேன். மழைக்குப் பிறகு தோட்டத்தில் குலை விழுந்த குழியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் களிமண் சோதனையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதே குலை சேற்றில் விழுந்தால் பதிந்து நிற்கும். செம்மண் சாலையில் விழுந்தால் உதிரிப் பழம் நாலா பக்கமும் சிதறும். வந்த வேகம் ஒன்றுதான், நிற்கும் நேரம்தான் வேறு. சேறு கொஞ்சம் நேரம் கொடுத்து நிறுத்துகிறது, சாலை உடனே நிறுத்துகிறது. குறைந்த நேரத்தில் நிறுத்தினால் விசை அதிகம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பஞ்சு மாதிரியான பகுதி தலைக்கு அந்தச் சேற்றைப் போலத்தான் உதவுகிறது.

உந்தம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மலாய்ப் புத்தகத்தில் மொமெந்தும் என்றுதான் இருக்கும், அதில் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உந்து என்றால் தள்ளு. உந்தம் என்றதும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். மீதியைப் புரியவைக்க என்னிடம் என்னுடைய எடைமேடை இருந்தது.

எங்கள் மேடையில் ஏறும் ஒரு லாரி பழத்தோடு 16,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அதன் உந்தம் சுமார் 2,67,000. இயக்க ஆற்றல் சுமார் 22 லட்சம் ஜூல். பிரேக் கொடுக்கும் விசை 80,000 நியூட்டன் என்று வைத்தோம். உந்தத்தை அந்த விசையால் வகுத்தால் நிற்க ஆகும் நேரம் வருகிறது, 3.3 நொடி. ஆற்றலை அதே விசையால் வகுத்தால் நிற்க ஆகும் தூரம் வருகிறது, 28 மீட்டர். உந்தத்தைக் கேட்டால் எவ்வளவு நேரம் என்று சொல்கிறது, ஆற்றலைக் கேட்டால் எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டு சூத்திரம் எதற்கு என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விடை கிடைத்தது.

இப்போது அதே லாரி 80-ல் வரட்டும். நேரம் 4.4 நொடி, ஒரு நொடிதான் கூடுதல். தூரமோ 49 மீட்டர். வேகம் 20 கூடியதற்கு 21 மீட்டர் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும். டிரைவர் பார்த்து மிதிப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஈஜோக் பக்கம் போகும் சாலையில் நம் பையன்கள் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பழ லாரிக்கு முன்னால் வெட்டி நுழைவதை மேடையில் இருந்தே பார்க்கிறேன். பையனும் வண்டியும் சேர்ந்து 180 கிலோ இருக்குமா? 60-ல் வந்தால் உந்தம் 3,000. லாரியுடையது அதைவிடக் கிட்டத்தட்ட 90 மடங்கு. அந்த டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த 28 மீட்டரை அவரால் குறைக்க முடியாது. "வேகமாகப் போகாதே" என்று நாம் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். இந்தக் கணக்கை என் மகள் தன் தம்பிக்குப் போட்டுக் காட்டியபோது அவன் இரண்டு முறை திரும்பக் கேட்டான்.

திசை விஷயத்தில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். நேருக்கு நேர் வரும் ஒரே எடை, ஒரே வேகமுள்ள இரண்டு லாரிகளின் உந்தங்களைக் கூட்டினால் பூஜ்யம், ஆற்றல்களைக் கூட்டினால் இரண்டு மடங்கு. ஒன்றுக்குத் திசை உண்டு, மற்றதற்கு இல்லை. அடையாளக் குறியை விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறாள். பழகப் பழக வரும்.

ஆண்டு இறுதித் தேர்வில் 57 வாங்கினாள். பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் ஃபிசிக்ஸில் தொடர்கிறாள், பள்ளியிலும் இப்போது மாறச் சொல்லவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மாணவர் பக்கத்தில் சூத்திரமும் மாதிரிக் கேள்விகளும் வருகின்றன, அவை தேவைதான். அவற்றோடு வாரம் ஒரு கணக்காவது தோட்டத்தில் இருந்தும் ஆலையில் இருந்தும் எடுத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குலை, பலகை, அரிவாள், லாரி, தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் சரி. பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை என்ற பாடத்தை ஆரம்பிக்கும் நாளில், பெட்டி தூக்கியவனின் வேலை பூஜ்யம் என்று சொல்வதற்கு முன்னால், "உங்க அப்பா அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று வகுப்பில் கேளுங்கள். அந்த வேலையில் எது இந்த அளவுக்குள் வரும், எது வராது, வராத ஆற்றல் எங்கே போகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துக் காட்டுங்கள். ஒரு வகுப்பு கூடுதலாக ஆகும். பிறகு பிள்ளைகள் வேகமாக வந்துவிடுவார்கள், என் வீட்டில் பார்த்தேன். பெற்றோர்களே, "எங்களுக்கு என்ன தெரியும்" என்று எழுந்து போய்விடாதீர்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தால் பலகைக் கணக்கும் அரிவாள் கணக்கும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கணக்குப் போட உண்மையான எண்கள் வேண்டும் என்று எந்த ஆசிரியராவது கேட்டால், ஆலையின் அனுமதியோடு, லாரி எண்களையும் தோட்டங்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, ஒரு மாதத்து எடைகளை மட்டும் கையால் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பித் தருகிறேன். பழத்தோடு எவ்வளவு, வெறுமனே எவ்வளவு என்று இரண்டு பத்தியாக இருக்கும்.

இப்படிக்கு,
எடைமேடை ஊழியர் ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்